நடுவில் நின்ற டிப் ஸ்விட்ச்

பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்விட்சைப் பிரிக்க உட்கார்ந்தால் மெக்கானிக் ஃபியூஸ் முதலில் தேடுவது ஸ்க்ரூ டிரைவரை அல்ல, ஒரு பிளாஸ்டிக் பையை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை. ஸ்விட்சையும் தன் இரண்டு கைகளையும் அதற்குள் விட்டுக்கொண்டுதான் மூடியைக் கழற்றுவார். உள்ளே மிளகு அளவுக்கு ஓர் இரும்புக் குண்டும், அதற்கு அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் இருக்கும். மூடி திறந்த மாத்திரத்தில் இரண்டும் துள்ளிப் போய்விடும். போனால் போனதுதான், சல்லடை போட்டுச் சலித்தாலும் கிடைக்காது. பார்க்கிறவர்கள், "என்ன அண்ணே, ஆபரேஷனா?" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். இந்தப் பை வழக்கம் எப்போது வந்தது, எதனால் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மனிதர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அவருக்கும் சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது தெரியாது. வேலையில் குறை சொன்னால் போதும், பட்டென்று கோபம் வந்துவிடும், அதனால் ஃபியூஸ். ஊரில் எத்தனையோ மெக்கானிக்குகள் இருந்தாலும் பழைய வண்டியின் ஒயரிங் என்றால் அவரிடம்தான் வருவார்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னால் ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் அடுப்படி. அங்கிருந்து மனைவி சொல்கிற எல்லாம் இங்கே கேட்கும், இங்கே நடக்கிற எல்லாம் அங்கே கேட்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் ஒரு சின்ன லோடு வண்டியில் அந்த மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. ஐம்பது வயது வண்டி. ஒற்றை சிலிண்டர், ஆறு வோல்ட் பாட்டரி, கறுப்பு டாங்கின் மேல் பொன்னிறக் கோடு. கூடவே ஒரு பெண்மணி இறங்கினார். ஐம்பதை நெருங்கிய வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று அவரே சொன்னார்.

"எட்டு வருஷமா இதை யாரும் தொடல. இன்ஜினை ஒருத்தர் சரி பண்ணிட்டாரு. ஹாரன், லைட்டு, பிரேக் லைட்டு, ஒரு ஸ்விட்சும் வேலை செய்யல. அதுக்கு நீங்கதான்னு சொன்னாங்க."

"வெச்சுட்டுப் போங்க டீச்சர், பார்த்துடலாம்."

"சனிக்கிழமை என் பொண்ணு வந்து எடுத்துக்குவா. அவங்க அப்பா வண்டி. ஓட்டியே தீருவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா."

டீச்சர் போன பிறகு வேலை ஆரம்பித்தது. ஹாரன் பட்டனுக்குள் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது, உப்புத்தாளால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. பிரேக் லைட்டுக்கு ஒயர் அறுந்திருந்தது, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். கடைசியாக இடது கைப்பிடியில் இருந்த டிப் ஸ்விட்சுக்கு வந்தார். விளக்கின் வெளிச்சத்தைத் தூரத்துக்கு நிமிர்த்துவதும் எதிரில் வருகிறவனுக்குக் கண் கூசாமல் தாழ்த்துவதும் அதன் வேலை. நல்ல ஸ்விட்சின் லிவர் இந்தப் பக்கம் நிற்கும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் நிற்கும். நடுவில் நிற்கவே கூடாது, ஏனென்றால் நடுவில் நின்றால் இரண்டு வெளிச்சமும் போய்விடும். இந்த லிவரோ நட்டநடுவில் நின்றது. தள்ளிவிட்டார், போனது. பிளாஸ்டிக் பையை எடுக்கத் திரும்பினார். மறுபடி பார்த்தால் லிவர் நடுவில் இருந்தது.

"கிழட்டு ஸ்பிரிங்கு" என்று முணுமுணுத்தபடி பைக்குள் கையை விட்டுப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இருந்தது ஸ்விட்ச் ஸ்பிரிங்கே இல்லை. பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங். பாதியாக வெட்டி, ஒரு முனையை மூக்குக் குறட்டால் கொக்கியாக வளைத்து, குண்டுக்கு அடியில் செருகியிருந்தது. அந்த மாதிரி வளைக்கிற கை ஊரில் ஒன்றுதான் உண்டு. அது இப்போது பைக்குள் இருந்தது.

எல்லாம் ஞாபகம் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். நனைந்த சட்டையோடு ஒருவர் வந்து நின்றார். லிவர் இறுகிப்போயிருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றார். அன்றைக்குப் பையும் இல்லை, ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங் துள்ளி எங்கோ போய் விழுந்தது. ஃபியூஸ் முட்டி போட்டுத் தேடினார். "முடிஞ்சுதாங்க? பொண்ணு வாசல்லயே காத்துக்கிட்டிருப்பா" என்று வந்தவர் இரண்டு தடவை கேட்டார். சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிரித்து, வெட்டி, வளைத்து, உள்ளே வைத்து மூடினார் ஃபியூஸ். லிவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. 'ஸ்பிரிங் தொலைஞ்சு போச்சு சார், இது சும்மா ரெண்டு வாரத்துக்குத்தான், அதுக்குள்ள வாங்க, நல்லது மாத்தித் தரேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஃபியூஸ் ஸ்பிரிங்கைத் தொலைத்தான் என்று ஊர் பேசலாமா? "அருமையா இருக்கு சார், இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள்தான் அந்தப் பிளாஸ்டிக் பை வாங்கினார்.

இப்போது தனக்குத்தானே அசடு வழிந்துகொண்டார். வண்டி ஓடாமலே கிடந்ததை வசதியாக மறந்துவிட்டு, பரவாயில்லை, பத்து வருஷம் சொன்னது எட்டு வருஷம் தாங்கியிருக்கிறதே என்று சமாதானமும் செய்துகொண்டார். டப்பாவிலிருந்து நல்ல ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு மூடினார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, முக்காலியில் உட்கார்ந்து ஃபியூஸின் முகத்தைத்தான் பார்த்தார்.

"லைட்டு ஸ்விட்சைப் பிரிச்சீங்களா?"

"பிரிச்சாச்சு. ஏன் டீச்சர்?"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் போன அன்னைக்கு சாயங்காலம் எனக்கும் அவருக்கும் சண்டை. கதவுக்கு என்ன பெயின்ட் அடிக்கிறதுன்னு ஆரம்பிச்சுது, எங்கெங்கயோ போயிடுச்சு. 'எங்கயாவது போய்த் தொலைங்க'ன்னு சொல்லிட்டேன். எல்லா வீட்லயும் சொல்றதுதானே? அவரு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனாரு. ஏழு மணிக்கு, பாலத்துக்கு முன்னாடி ஒரு வளைவு. எதிர்ல ஒரு லாரி. அந்த டிரைவர் சொன்னாரு, 'வண்டியில விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. நான் கிட்ட வந்ததும் பட்டுன்னு அணைஞ்சுது, யாரோ கையால அணைச்ச மாதிரி'ன்னு. இருட்டுல வளைவு தெரியாம நேராப் போயி, அவரு மட்டும் தெறிச்சுப் பாலத்துக் கல்லுல..." டீச்சர் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "வண்டி புதர்ல போய் விழுந்துது. அதுக்கு ஒரு கீறலும் இல்ல. போலீஸ்ல யாரோ ஸ்விட்சைத் தட்டிப் பார்த்திருக்காங்க, லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சுது. பல்பும் நல்லா இருக்கு, பாட்டரியும் நல்லா இருக்கு. அப்ப யாரு அணைச்சது? அவரேதான்னு எழுதிட்டாங்க."

ஃபியூஸின் கண் இடது கைப்பிடியில் இருந்த லிவருக்குப் போனது.

"நான் சொன்ன வார்த்தை பக்கத்து ரூம்ல இருந்த என் பொண்ணு காதுல விழுந்துச்சு. அப்ப அவளுக்குப் பன்னிரண்டு வயசு. எட்டு வருஷமா என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல, ஒரு சண்டை போட்டதில்ல. சாப்பிட்டியான்னா சாப்பிட்டேம்பா. அவ்வளவுதான் பேச்சு. அதனாலதான் கேக்கறேன். அந்த ஸ்விட்சுல ஏதாவது கோளாறு இருந்துச்சா? கடுகளவு இருந்தாலும் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அணைத்தது யார் என்று ஃபியூஸுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எதிரில் லாரி வருகிறது. மரியாதை தெரிந்த மனிதர், லாரிக்காரனுக்குக் கண் கூசக்கூடாது என்று வெளிச்சத்தைத் தாழ்த்தக் கட்டைவிரலால் லிவரைத் தள்ளுகிறார். சில நாளிலேயே தளர்ந்துவிட்ட பேனா ஸ்பிரிங்குக்கு ஏது பலம்? லிவர் பாதி வழியில் நிற்கிறது. இத்தனையும் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இல்ல டீச்சர். ஸ்விட்ச் சுத்தமா இருந்துச்சு. பழசானதுல பச்சை பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான்."

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் வண்டியின் விளக்கு எரிந்தது. முதலில் பல்புக்குள் கம்பி மட்டும் சிவந்தது, பிறகு மஞ்சளானது, பிறகு நேராக ஃபியூஸின் கண்ணில் அடித்தது. டீச்சர் எழுந்து, சரி என்று தலையாட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு போகும் வரைக்கும் எரிந்தது. அதன் பிறகு பட்டென்று அணைந்தது. பாட்டரி மேசை மேல் இருந்தது. அதிலிருந்து வண்டிக்கு ஓர் ஒயர்கூடப் போகவில்லை.

தெரு வெயில் விளக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வாசலுக்குப் போய்ப் பார்த்தார். வானம் மூடிக் கிடந்தது.

வியாழக்கிழமை காலையில் லிவர் நடுவில் நின்றது. புது ஸ்பிரிங் போட்டாயிற்றே என்று பிரித்தார். உள்ளே பேனா ஸ்பிரிங் இருந்தது, அதே கொக்கியோடு. புது ஸ்பிரிங் டப்பா மூடியில் கிடந்தது. அன்றைக்கு நம் நிதானத்தில் நாம் இல்லை, மாற்றிப் போட்டிருப்போம் என்று சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். நல்லதைப் போட்டு மூடினார். பேனா ஸ்பிரிங்கை வாசலுக்கு எடுத்துப்போய்ச் சாக்கடையில் எறிந்தார். அது கறுப்புத் தண்ணீரில் மூழ்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் லிவர் மறுபடி நடுவில் நின்றது. பைக்குள் கையை விட்டு மூடியைக் கழற்றும்போதே சாக்கடை நாற்றம் அடித்தது. ஸ்பிரிங் ஈரமாக இருந்தது. கறுப்புச் சேறு குண்டைச் சுற்றி அப்பியிருந்தது. ஃபியூஸ் பைக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார்.

அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஆமா, காலையில நீங்க குளிக்கும்போது பட்டறையில யாரு இருந்தா?"

"யாரும் இல்லையே."

"யாரும் இல்லாமலா ஸ்விட்சைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க? உங்க வேலைச் சத்தம் எனக்குத் தெரியாதா, முப்பது வருஷமா கேக்கறேன். டக்குன்னா உடனே இன்னொரு டக்கு கேக்கும். இன்னைக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு டக்குதான் வருது. அடுத்தது வரவே இல்ல. கையில கரண்டியை வெச்சுக்கிட்டு அதுக்காகக் காத்துக்கிட்டே நின்னேன். எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சுங்க."

"எலியா இருக்கும்."

"எலி ஸ்விட்ச் போடுமா?" அவள் வண்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "புதன்கிழமை அந்த டீச்சர் வந்துட்டுப் போனதுல இருந்து நீங்க சரியில்ல. அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

அவ்வளவுதான், ஃபியூஸ் போய்விட்டது. "என் வேலையில நீ மூக்கை நுழைக்காத!" என்று கத்தினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலையில் அவர் கடைசி வழியைப் பிடித்தார். இந்த ஸ்விட்சே வேண்டாம். அதை ஒயரோடு கழற்றி, துணியில் சுற்றி, இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பரணில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த புத்தம்புது டிப் ஸ்விட்சை எடுத்து மாட்டினார். நூறு தடவை தள்ளிப் பார்த்தார். நூறு தடவையும் லிவர் டக்கென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் நின்றது. வெயில் ஏறுகிற வரை ஒன்றும் நடக்கவில்லை. பத்து நாள் காய்ச்சல் இறங்கினவன் மாதிரி உடம்பு லேசாயிற்று. பாட்டரியை மாட்டுவதை மட்டும் அவர்கள் வந்த பிறகு செய்யலாம் என்று விட்டுவைத்தார்.

நாலு மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். ஒன்றாக வரவில்லை. மகள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள், டீச்சர் பத்தடி பின்னால் வந்தார். மகள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். டாங்கின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து இடது கைப்பிடியைப் பிடித்தாள். கட்டைவிரல் தானாக லிவருக்குப் போனது.

"அங்கிள்."

"சொல்லும்மா."

"இது நடுவுல நிக்குது."

ஃபியூஸ் கிட்டே போய்ப் பார்த்தார். புது ஸ்விட்சின் லிவர் நட்டநடுவில் நின்றது. பையைத் தேடவில்லை. அங்கேயே மூடியைக் கழற்றினார். எதுவும் துள்ளவில்லை. கொக்கி போட்ட பேனா ஸ்பிரிங் குண்டுக்கு அடியில் அசையாமல் இருந்தது.

"எல்லாம் சரியாயிடுச்சு இல்ல? நான் கிளம்பலாமா?" என்றாள் மகள். "இருட்டறதுக்குள்ள அந்தப் பாலம் வரைக்கும் போய்ட்டு வரணும்."

இந்தப் பெண் இந்த வண்டியில், இந்த லிவரோடு, அதே வளைவுக்குப் போகப் போகிறாள். எதிரில் ஒரு லாரி வரும். அவளும் அப்பாவைப் போல மரியாதை தெரிந்தவளாக இருப்பாள். அதற்கு மேல் ஃபியூஸால் நினைக்க முடியவில்லை.

"இறங்கும்மா" என்றார். "டீச்சர், நீங்களும் உள்ள வாங்க. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

சொன்னார். மழையைச் சொன்னார், தொலைந்த ஸ்பிரிங்கைச் சொன்னார், பேனாவைச் சொன்னார், பத்து வருஷம் என்று தான் அளந்ததையும் சொன்னார். ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "அவரு விளக்கை அணைக்கல. தாழ்த்தப் பார்த்தாரு. எதிர்ல வர்றவருக்குக் கண் கூசக்கூடாதுன்னு தாழ்த்தப் பார்த்தாரு. நான் போட்டது பாதியில நின்னுடுச்சு. நான்தான். அவரும் இல்ல, நீங்களும் இல்ல."

டீச்சர் அந்த ஸ்பிரிங்கை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். மகள்தான் அம்மாவைக் காட்டிப் பேசினாள், குரல் கத்தி மாதிரி இருந்தது.

"இவங்க சொல்லிக் கொடுத்தாங்களா?"

"என்னம்மா?"

"இவங்க வந்து அழுதிருப்பாங்க, நீங்க பாவம்னு பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க. இது புது ஸ்விட்ச், பார்த்தாலே தெரியுது. இதுல எப்படி எட்டு வருஷத்துப் பழைய ஸ்பிரிங் இருக்கும்? போய்த் தொலைங்கன்னு சொன்னாங்க, அப்பா போய்த் தொலைஞ்சுட்டாரு. நான் காதால கேட்டேன்."

ஃபியூஸ் திறந்து கிடந்த புது ஸ்விட்சைப் பார்த்தார். ஸ்பிரிங் எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

அப்போது விளக்கு எரிந்தது.

பாட்டரி மேசை மேல்தான் இருந்தது. வண்டி ஸ்டாண்டில் நின்றது, கைப்பிடிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வெள்ளை வெளிச்சம் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. மகள் கண்ணைச் சுருக்கி, கையைத் தூக்கி முகத்துக்கு நேரே மறைத்துக்கொண்டாள். கண் கூசுகிற எவரும் செய்வதுதான். உடனே மூடி இல்லாத ஸ்விட்சில், ஸ்பிரிங்கே இல்லாத அந்த ஸ்விட்சில், லிவர் மெதுவாக நகர்ந்தது. நடுவுக்கு வந்தது. விளக்கு அணைந்தது. பட்டப்பகலிலும் பட்டறை முழுக்க இருட்டாகிவிட்டது. பிறகு லிவர் மிச்ச தூரத்தையும் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றது, வெளிச்சம் திரும்ப வந்தது. இப்போது முகத்தில் அடிக்கவில்லை. தாழ்ந்து, அவர்கள் காலடியில், மூன்று ஜோடிச் செருப்புகளின் மேல் விழுந்தது. யார் கண்ணையும் கூசவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு அதுவும் அணைந்தது.

மகள் கையை இறக்கினாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருஷமாகப் பார்க்காத மாதிரி பார்த்தாள். "அப்பா டிப் பண்ணியிருக்காரு" என்றாள். அதற்கு மேல் முடியாமல் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டீச்சரின் கை முதலில் சும்மா தொங்கியது. மகளை எப்படித் தொடுவது என்பதே மறந்துவிட்டிருந்தது. பிறகு அந்தக் கை எழுந்து மகளின் தலையைப் பிடித்துக்கொண்டது.

ஃபியூஸ் ஒரு மூலையில் நின்றார். தன் பட்டறையிலேயே தனக்கு நிற்க இடமில்லை என்று தோன்றியது.

கடைசியில் டீச்சர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க."

"நினைக்கல டீச்சர்."

"அவரோட அண்ணன் இருக்காரு, தங்கச்சி இருக்காங்க, கூட வேலை பார்த்தவங்க இருக்காங்க. நான் சொன்ன வார்த்தையாலதான் போனாருன்னு என் முகத்துக்கு நேராச் சொன்னவங்க பதினாலு பேரு. நல்லா எண்ணி வெச்சிருக்கேன். இப்ப எங்ககிட்ட சொன்னதை, ஒரு வார்த்தை குறையாம, பதினாலு பேர் வீட்டுக்கும் வந்து சொல்லணும்."

"வர்றேன். எப்ப வரணும்?"

"இப்ப."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். மனைவி அடுப்படியில் இல்லை, கதவை ஒட்டித்தான் நின்றிருந்தாள், எல்லாம் கேட்டிருக்கிறாள். துவைத்த சட்டையை எடுத்து நீட்டினாள். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பேரும் நடந்தார்கள். வழியெல்லாம் அவர் முதல் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் அது பாதியில் நின்றது.

அண்ணன் வீட்டு வாசலில் டீச்சரின் கால் தயங்கி நின்றது. அந்தப் படியை அவர் மிதித்து எட்டு வருஷம் ஆகிறது. மகள் அம்மாவின் கையை விடாமல் முன்னால் போய்க் கதவைத் தட்டினாள்.